லயத்துச் சுவரும் கித்தான் படமும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எண்ணிக்கை குறைந்தால் ஒரு படத்துக்கு மதிப்பு கூடுமா? கருத்தரங்கில் எங்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி இதுதான். கேள்விக்குக் காரணமான பொருளை நீங்களும் பேரங்காடிகளில் பார்த்திருப்பீர்கள். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கித்தான். அதில் நமக்கெல்லாம் தெரிந்த ஒரு கேலிச்சித்திரப் பாத்திரம். பெரும்பாலும் மிக்கி மவுஸ், அல்லது அதன் சாயலில் ஓர் எலி. பின்னணியில் செங்கல் சுவர். அதன்மேல் தெளிப்பு வண்ணத்தில் கிறுக்கிய எழுத்துகள், சொட்டுச் சொட்டாக வழியும் சாயம். ஏதோ ஒரு நகரத்துச் சந்தில் யாரோ இரவோடு இரவாக வரைந்துவிட்டு ஓடியது போல இருக்கும். ஆனால் யாரும் எங்கும் ஓடவில்லை. அது இயந்திரத்தில் அச்சான படம். கீழ் மூலையில் பென்சிலால் 12/50 என்று எழுதியிருக்கும். மொத்தம் 50 பிரதிகள், இது 12ஆவது என்று பொருள். கூடவே ஒரு சான்றிதழ். விலையில் பெரும்பங்கு அந்தச் சின்ன எண்ணுக்குத்தான்.

நெகிரி செம்பிலானில் இப்படிப்பட்ட படங்களை மாட்டும் வீடுகள் எங்கே இருக்கின்றன? சிரம்பானைச் சுற்றி நீலாய், செனவாங், செண்டாயான் என்று எழும்பியிருக்கும் குடியிருப்புகளில் பல, ஒரு காலத்தில் தோட்ட நிலங்கள். தாத்தா கித்தா மரம் சீவிய மண்ணில் பேரன் கித்தான் படம் மாட்டுகிறான். மலாய்ச் சொல்லிலிருந்து நம் பேச்சுக்கு வந்த 'கித்தா' வேறு, முரட்டுத் துணியைக் குறிக்கும் 'கித்தான்' வேறு. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் நின்றது. அதுதான் லயத்துச் சுவர். அந்தச் சுவரில் என்ன படங்கள் தொங்கின, அவை எப்படி வந்தன, பிறகு என்ன ஆயின என்று தெரிந்துகொண்டால், கித்தான் படத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்விக்கு நாமே பதில் சொல்லிவிடலாம்.

மூலையில் உள்ள எண்

முதலில் அந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது வியாபாரத் தந்திரமாகத் தொடங்கியதல்ல. செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்த காலத்தில், ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் தகடு தேயும். முதல் பிரதிகளில் கோடு கூர்மையாக இருக்கும்; போகப் போக மங்கும். ஆகவே எத்தனையாவது பிரதி என்பது வாங்குகிறவருக்கு உண்மையிலேயே தேவையான செய்தி. குறிப்பிட்ட எண்ணிக்கை முடிந்ததும் தகட்டின் மேல் குறுக்குக் கோடு கீறி அதைக் கெடுத்துவிடும் வழக்கமும் இருந்தது. இனி யாரும் அச்செடுக்க முடியாது என்பதற்கு அதுவே உத்தரவாதம்.

இன்று நிலைமை வேறு. 1990களிலிருந்து கணினிக் கோப்பிலிருந்து நேரடியாகக் கித்தானில் மை தெளித்து அச்சிடும் முறை பரவியது. கோப்பு தேயாது. 50ஆவது பிரதியும் முதல் பிரதியும் ஒன்றுதான். 5,000ஆவது பிரதியும் அப்படியே இருக்கும். அப்படியானால் 12/50 என்பது இப்போது வெறும் வாக்குறுதி. 'இதற்கு மேல் அச்சிட மாட்டேன்' என்று ஓவியர் கொடுக்கும் சொல். அந்தச் சொல்லை நம்பித்தான் காசு கொடுக்கிறோம்.

இதை நான் குறை சொல்லவில்லை. வரைகிற கைக்குக் கூலி வேண்டும். ஓர் ஓவியர் ஒரே ஒரு படத்தை விற்று ஒரு மாதம் வாழ முடியாது. 50 பிரதிகளை விற்றால் அடுத்த படத்தை நிம்மதியாக வரையலாம். ஆனால் 'குறைவு' என்பதையே 'சிறப்பு' என்று நினைத்துக்கொண்டால், இந்தக் கலை பிறந்த இடத்தையே மறந்தவர்கள் ஆவோம்.

சுரங்கப்பாதையில் சுண்ணக்கட்டி

தெரு ஓவியத்தையும் கேலிச்சித்திரப் பாத்திரத்தையும் இணைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங். 1980களின் தொடக்கத்தில் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில், விளம்பரம் இல்லாத பலகைகளைக் கறுப்புத் தாள் ஒட்டி மூடியிருப்பார்கள். ஹேரிங் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் அவற்றில் வேகவேகமாக வரைவார். தவழும் குழந்தை, குரைக்கும் நாய், ஆடும் மனிதர்கள். ரயிலுக்குக் காத்திருந்த தொழிலாளிகளும் மாணவர்களும் காசு கொடுக்காமல் பார்த்தார்கள். காவல்துறை அவரைப் பலமுறை பிடித்தது.

பெயர் வந்த பிறகு, 1986இல் அவர் இரண்டு காரியங்கள் செய்தார். மிக்கி மவுஸையும் தம் நண்பரான ஓவியர் ஆண்டி வார்ஹோலையும் ஒரே உருவமாக்கி, 'ஆண்டி மவுஸ்' என்று நான்கு திரை அச்சுப் படங்களை வெளியிட்டார். எண்ணிக்கை வெறும் 30. அதே ஆண்டில் நியூயார்க்கில் 'பாப் ஷாப்' என்ற கடையைத் திறந்து, தம் உருவங்களைச் சட்டையிலும் சின்னங்களிலும் அச்சிட்டுச் சாதாரண மக்கள் வாங்கும் விலைக்கு விற்றார். ஒரு கையால் வரையறுத்தார், மறு கையால் வாரி இறைத்தார். இன்று பேரங்காடியில் தொங்கும் எலிப் படங்கள் அந்த 30 பிரதிகளின் வாரிசுகள். அவர் திறந்த கடையின் வாரிசு எங்கே என்பதுதான் நாம் தேட வேண்டியது.

அந்த வாரிசைத் தேடி நியூயார்க் போக வேண்டியதில்லை. அதற்கு அண்ணன் ஒருவன் நம் தோட்டத்துச் சுவரிலேயே இருந்தான்.

லயத்துச் சுவரில் தொங்கியவை

1894இல் ஓவியர் ராஜா ரவி வர்மா பம்பாயில் ஒரு கல் அச்சுக்கூடத்தைத் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் நிபுணர்களும் வந்தார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிக் கல். ஒரே தாளைக் கல்லுக்குக் கல் மாற்றி மாற்றி அழுத்தினால்தான் ஒரு லட்சுமி, ஒரு சரஸ்வதி உருவாகும். அரண்மனைகளில் இருந்த ஓவியம் அணா விலையில் சந்தைக்கு வந்தது.

கலையின் தரம் இறங்கிவிட்டது என்று அன்றைக்குப் படித்தவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சாதியின் பெயரால் கோயிலுக்குள் நுழையவே அனுமதி இல்லாத மக்கள் அன்று இலட்சக்கணக்கில் இருந்தார்கள். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசம் 1936இல்தான். மதராஸ் மாகாணத்தில் சட்டம் வந்தது 1939இல். அதற்கு முன்பே அச்சுத்தாளில் ஏறிய தெய்வம் அவர்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. அந்த மக்களில் ஒரு பகுதியினர்தாம் கப்பல் ஏறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்கள். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891இல் ரயில் பாதை திறக்கப்பட்டது. காப்பித் தோட்டங்கள் ரப்பர்த் தோட்டங்களாக மாறின. ஆட்கள் வந்தார்கள். ஆட்களோடு தகரப் பெட்டி வந்தது, பெட்டியோடு படமும் வந்தது.

பிறகு வந்தது நாட்காட்டிக் காலம். கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு 1920களில் சிவகாசிக்குத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கி வைத்த தொழிலோடு, தீப்பெட்டிச் சீட்டு அச்சடிக்கும் தொழிலும் அந்த ஊரில் வளர்ந்தது. சீட்டு அச்சடித்த கைகள் நாட்காட்டியும் அச்சடித்தன. அந்த நாட்காட்டிகளுக்கு முருகனையும் மீனாட்சியையும் வரைந்து கொடுத்தவர்களில் முன்னோடி, கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு. நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்தவர். 1976இல் அவர் மறைந்தபோது, அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த படங்கள் எத்தனை வீடுகளில் தொங்கின என்று எந்த மூலையிலும் எண் போட்டிருக்கவில்லை.

தோட்டத்தில் வளர்ந்த மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மளிகைக் கடையிலோ நகைக் கடையிலோ வாங்கி வந்த நாட்காட்டியில் தேதித் தாள் கிழிந்து முடிந்த பிறகும், படத்தைத் தூக்கி எறிய மனம் வராது. கடைப் பெயர் இருக்கும் அடிப்பகுதியை வெட்டிவிட்டு, சட்டம் போட்டுச் சாமி மேடைக்கு மேலே மாட்டிவிடுவார்கள். பக்கத்து வீட்டிலும் அதே முருகன். அதற்கடுத்த வீட்டிலும் அதே முருகன். 'உன் வீட்டில் இருப்பதால் என் படத்துக்கு மதிப்புக் குறைந்தது' என்று யாரும் வருத்தப்படவில்லை. ஒரே படம் எல்லா வீட்டிலும் இருந்ததுதான் அந்த லயத்தை ஒரு ஊராக ஆக்கியது.

மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தபோது, ஒரே செய்தி ஒரே நேரத்தில் பலரைச் சென்றடைவதுதான் ஊடகத்தின் பலம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தொலைக்காட்சி வருவதற்கு முன்பே லயத்துச் சுவர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பது என் கருத்து.

வேதாளமும் மாயாவியும்

சாமி படங்களுக்கு அடுத்தபடியாகத் தோட்டப்புறப் பிள்ளைகளின் கைக்கு வந்தவை கதைப் பாத்திரங்கள். 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய 'அம்புலிமாமா' கடல் கடந்து இங்கும் வந்தது. தோளில் சடலத்தைச் சுமந்துகொண்டு, உருவிய வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை நினைவில்லாதவர் உண்டா? அந்த உருவத்தை நமக்குத் தந்தவர் ஓவியர் சங்கர். 2020இல் 90 வயது தாண்டி மறைந்தார்.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவந்தது. முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. அவன் உண்மையில் லண்டன்காரன். 1962இல் 'வேலியண்ட்' என்ற ஆங்கில வார இதழில் பிறந்தவன். அவனைக் கோடுகளில் வளர்த்தவர் ஜீசஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டு ஓவியர். ஆங்கிலேயர் கதை, ஸ்பானியர் ஓவியம், சிவகாசி அச்சு, தமிழ்ப் பேச்சு! மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரியும். ஒரு புத்தகம் பத்துப் பிள்ளைகளின் கை மாறி, அட்டை கிழிந்து, நடுப்பக்கம் காணாமல் போகும் வரை உயிரோடு இருக்கும். இன்று அந்தப் பழைய பிரதிகளைத் தேடி அலையும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். யாரும் வரையறுத்ததால் அது அரிதாகவில்லை. எல்லாரும் படித்துப் படித்துத் தீர்த்ததால் அரிதானது. எனக்கு அந்த அரிதின் மேல்தான் மரியாதை.

நம் நாட்டிலும் ஒரு பாத்திரம் பிறந்தது. பேராக்கில் 1951இல் பிறந்த கேலிச்சித்திரக் கலைஞர் லாட், தம் கம்பத்து இளமையை 1979இல் 'கம்போங் பாய்' என்ற நூலாக வரைந்தார். ஈய வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு மலாய்க் கம்பம், கறுப்பு வெள்ளைக் கோடுகளில் உலகம் சுற்றியது. 2007இல் தொலைக்காட்சிக்கு வந்த 'உபின் இபின்' தொடரில் ராஜூ என்ற தமிழ்ச் சிறுவனும், கடை நடத்தும் முத்து மாமாவும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் ராஜூவைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் ராஜூ கம்பத்துப் பிள்ளை. தோட்டத்துப் பிள்ளை இன்னும் வரவில்லை.

தோட்டத்தைப் பற்றி நாம் எழுதாமல் இல்லை. அகிலன் இங்கு வந்து பார்த்துவிட்டு 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். திரையில் 2005இல் 'செம்மண் சாலை' வந்தது. 2015இல் 'ஜகாட்' வந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான விருதையும் வாங்கியது. ஆனால் ஒரு குழந்தை பென்சில் எடுத்து நான்கு கோட்டில் வரையக்கூடிய ஓர் உருவம், பார்த்த மாத்திரத்தில் 'இது நம்ம தோட்டத்து ஆள்' என்று சொல்லக்கூடிய ஓர் உருவம், நமக்கு இல்லை.

வெள்ளையடித்த சுவர்

சுவரில் படம் வரைவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. பினாங்கு ஜார்ஜ் டவுன் 2008இல் உலகப் பாரம்பரிய நகரமான பிறகு, அந்நகரின் கதைகளை இரும்புக் கம்பியில் கேலிச்சித்திரங்களாக வளைத்து 52 இடங்களில் பொருத்தினார்கள். எந்தத் தெருவில் எந்தத் தொழிலாளி என்ன வேலை செய்தான் என்பதை அந்தச் சுவர்கள் சிரிக்கச் சிரிக்கச் சொல்கின்றன. 2012இல் லித்துவேனியா நாட்டு ஓவியர் எர்னஸ்ட் ஸாகரேவிச், ஆர்மீனியன் தெருச் சுவரில் உண்மையான மிதிவண்டியைப் பொருத்தி, அதன்மேல் இரண்டு குழந்தைகளை வரைந்தார். அதன் முன் நின்று படம் பிடிக்க இன்றும் மக்கள் வரிசை பிடிக்கிறார்கள்.

அதே ஓவியர் 2013 நவம்பரில் ஜொகூர் பாருவில் ஒரு சுவரில் 'லெகோ' பொம்மை உருவங்களை வரைந்தார். கைப்பையோடு ஒரு பெண் நடந்து வருகிறாள். சுவரின் திருப்பத்தில் கத்தியோடு ஒருவன் காத்திருக்கிறான். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜொகூரில் லெகோலாந்து திறக்கப்பட்டிருந்தது. குழந்தைகளின் பொம்மையை வைத்தே குற்றச்செயல்களைப் பற்றிப் பேசிவிட்டார். நகரின் பெயர் கெடுகிறது என்று மாநகர் மன்றம் சில நாட்களில் வெள்ளையடித்து அழித்துவிட்டது. ஆனால் அதற்குள் அந்தச் சுவரின் புகைப்படம் நாடெங்கும் பரவிவிட்டது. சுவரில் இருந்த ஒரே ஒரு படம் அழிந்தது, அதன் எண்ணற்ற பிரதிகள் பிழைத்தன.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. சுவர் நிலையானதல்ல. சுவரில் இருப்பதைக் காப்பாற்றுவது பிரதிதான். அப்படியானால் நெகிரி செம்பிலான் தோட்டத்து லயங்கள் இடிக்கப்பட்டபோது, அந்தச் சுவர்களில் இருந்ததற்கு என்ன பிரதி இருக்கிறது?

நேர்மையான பதில் சொன்னால், மிகக் குறைவு. ரப்பர் மரம் விழுந்து செம்பனை வந்தது. செம்பனையும் விழுந்து பல இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்தை விட்டுப் போனவர்கள் சாமி படத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் கரித்துண்டால் பிள்ளைகள் கிறுக்கிய கோடுகள், கோயில் முகப்பில் தோட்டத்து ஓவியர் எழுதிய துவாரபாலகர், பள்ளிக் கலைவிழாவுக்கு வரைந்த திரைச்சீலை, இவற்றை யாரும் எடுத்துப் போகவில்லை. வரைந்தவர் பெயர் கேட்டால் 'நம்ம மண்டோர் மகன்' என்ற அளவில்தான் பதில் கிடைக்கும்.

தோட்டம் போனது, பெயர் நிற்கிறது

வாசகர்களே, இன்னும் ஒரு சுவர் பாக்கி இருக்கிறது. நெகிரி செம்பிலானில் இருக்கும் தமிழ்ப்பள்ளிகள் 61. அவற்றில் பல இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. லின்சம், சுவா பெத்தோங், கிர்பி, பிராட்வால், ரீஜெண்ட் என்று அந்தப் பெயர்ப் பலகைகளைப் படித்தாலே ஒரு வரலாற்றுப் பாடம் முடிந்துவிடும். தோட்டம் சுருங்கிய இடத்திலும், மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்த இடத்திலும், அந்தப் பெயரைச் சொல்ல எஞ்சியிருப்பது பெரும்பாலும் பள்ளிதான்.

நம் நாட்டில் தொடக்கப்பள்ளிச் சுவர்களில் என்ன வரைந்திருக்கிறது? கேலிச்சித்திரப் பாத்திரங்கள். டோரேமோன் இருக்கும், மிக்கி இருக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் கூட்டுப்பணி செய்து அன்போடு வரைந்தவை. அந்த அன்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தோட்டத்தின் பெயரைச் சுமக்கும் ஒரு பள்ளியின் சுவரில் தோட்டத்தைச் சேர்ந்த ஒரே ஒரு முகம்கூட இல்லையென்றால், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் யாரைப் பார்த்துக் கேட்பார்கள்?

மிக்கி மவுஸ் 1928 நவம்பரில் 'ஸ்டீம்போட் வில்லி' படத்தில் திரைக்கு வந்தது. அந்த முதல் வடிவத்தின் பதிப்புரிமை அமெரிக்காவில் முடிந்தது 2024 ஜனவரி 1ஆம் தேதி. ஓர் எலியின் கோட்டை 95 ஆண்டுகள் சட்டம் காவல் காத்தது! அந்த எலிக்கு இருந்த காவலில் நூற்றில் ஒரு பங்கு, காண்டாக் கம்பில் இரண்டு பால் வாளியைத் தூக்கி நடந்த நம் பாட்டிக்கு இருந்ததா? விடியற்காலையில் பெரட்டுக்குப் போன தாத்தாவையும், ஆயாக் கொட்டகைத் தொட்டிலில் தூங்கிய நம் அம்மாவையும் யாராவது ஒரு கோட்டில் நிறுத்தி வைத்தோமா? அவர்கள் உருவத்துக்கு உரிமை கொண்டாட யாரும் இல்லை என்பதால் அது விலையற்றதாகிவிடாது. அது நம் எல்லாருக்கும் சொந்தம்.

ஆகவே நான் ஒரு யோசனை சொல்கிறேன். கித்தான் படம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். கித்தான் படமே வேண்டும். நம் இளைஞர்களில் கணினியில் வரைகிறவர்கள், தெளிப்பு வண்ணம் பிடிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, உரிய ஊதியம் கொடுத்து, ஒரு தோட்டத்துப் பிள்ளையை வரையச் சொல்லுங்கள். ரப்பர் விதையைத் தரையில் தேய்த்துச் சுடவைத்துக் கூட்டாளியின் கையில் வைக்கும் அந்தக் குறும்புக்காரப் பிள்ளையை! தெரு ஓவியப் பாணியிலேயே இருக்கட்டும், சாயம் வழியட்டும். ஆனால் பின்னணியில் நியூயார்க் செங்கல் வேண்டாம், லயத்துப் பலகைச் சுவர் இருக்கட்டும்.

அதற்கு எண்ணும் போடுவோம். மூலையில் 1/61 என்று தொடங்கட்டும். பள்ளிக்கு ஒன்று. இங்கே வரையறை என்பது யாருக்கும் இல்லாமல் செய்வதற்காக அல்ல; ஒருவரும் விடுபடாமல் இருப்பதற்காக. ஒவ்வொரு பிரதியின் பின்புறமும் அந்தத் தோட்டத்தில் வாழ்ந்த மூத்தவர்களைக் கேட்டு, தோட்டம் எப்போது தொடங்கியது, லயங்கள் எங்கே நின்றன, என்ன கோயில் இருந்தது என்று எழுதி ஒட்டட்டும். கடைக்காரர் தரும் சான்றிதழைவிட அது பெரிய சான்றிதழ்.

எண்ணிக்கை குறைந்தால் மதிப்பு கூடுமா என்ற கேள்விக்கு இப்போது என் பதில் இது: கூடும். ஆனால் வேறு ஒன்றின் எண்ணிக்கைதான் உண்மையில் குறைந்து வருகிறது. லயத்தில் வாழ்ந்து, அந்தச் சுவரில் என்ன இருந்தது என்று சொல்லக்கூடிய மனிதர்களின் எண்ணிக்கை. அவர்களுக்கு மறுபதிப்பு கிடையாது. இந்த வாரமே உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, பழைய வீட்டின் சுவரை வரைந்து காட்டச் சொல்லுங்கள். கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. கீழே அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தேதியையும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.